ஒரு விரல் நகர்ந்த மலை

நீல அட்டை போட்ட நீளமான பதிவேடு அது. மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படிப்பட்ட பதிவேடுகள் அலமாரி முழுக்க இருந்தன. வரிசை எண், மாதிரி எடுத்த இடம், எடுத்தவர், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். பிறகு எல்லாம் கணினிக்குப் போய்விட, எழுதாத ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். திருட்டு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அதில் மணலுக்குப் பதிலாக அரக்கர்களைப் பதிந்தோம். வரிசை எண் ஒன்று, இரத்தக் காட்டேரி. மாதிரி எடுத்த இடம், கீரிப்பாறை. எடுத்தவர், மாமா. இன்று அதைத் திறந்தால் ஏழாம் எண்ணுக்கு உரிய தாள் இல்லை. அந்தத் தாளைப் பற்றியும், அதை எழுதவைத்த ஃபிட்டர் அண்ணனைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன்.

இந்த அரக்கர் விளையாட்டு என் அத்தை மகன் வழியாக வந்தது. குவைத்தில் அவனோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களாம். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். பாதாளம், புதையல், வழிமறிக்கும் அரக்கர்கள். ஒவ்வொரு அரக்கனுக்கும் வலிமை இத்தனை, உயிர் இத்தனை என்று எண் போட்ட தடித்த புத்தகம் ஒன்று உண்டு. விடுமுறைக்கு வந்தவன் அந்தப் புத்தகத்தையும் பல முகப் பகடைகள் போட்ட பையையும் எங்கள் மார்த்தாண்டம் வீட்டில் விட்டுவிட்டுப் போனான், திரும்பக் கேட்கவே இல்லை. எனக்குக் கதை கேட்கும் பழக்கம் கிடையாது. ஆனால் விதிகள் என்றால் விடமாட்டேன். ஆய்வுக்கூடக் கையேட்டைப் படிப்பதுபோல அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். இரண்டாயிரத்து எட்டில், ஆலையின் மனமகிழ் மன்றத்தில் கேரம் பலகைக்குப் பக்கத்து மேசையில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கதை சொல்பவள் நான். ஆடுபவர்கள் என் தாய்மாமாவும் ஆலை மருந்தகத்து சிஸ்டரும். முப்பத்தைந்து வயதுக் கெமிஸ்ட் ஞாயிற்றுக்கிழமை பகடை உருட்டுகிறாள் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு மாதத்திலேயே சிக்கல் வந்தது. அந்தப் புத்தகத்து அரக்கர்களைக் கண்டு யாரும் பயப்படவில்லை. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் கள மேற்பார்வையாளராக இருந்த மாமா, முதல் காட்டேரியைக் கண்டதும் சிரித்துவிட்டார். “இது என்ன மக்ளே, புத்தியில்லாத ஜென்மம்? ஒரே ராத்திரியில குடிச்சுத் தீத்தா மறுநாளு எங்க போவான்? எங்க தோட்டத்தில ஒருத்தன் பாலுக்கு மரத்த இப்படி வெட்டினா அண்ணைக்கே அவனுக்க சீட்டு கிழியும்.” நல்ல காட்டேரி எப்படி இருப்பான் என்று அன்று மாலை பஸ் வரும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் யாரையும் கொல்லமாட்டான். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வந்து, மேல்கையில் சரிவாக ஒரு கோடு கீறி, கீழே சிரட்டை மாட்டிவிட்டுப் போவான். பட்டைக்கு உள்ளே கத்தி படாது, ஆகவே வலியும் பெரிதாக இருக்காது. மழைக்காலத்தில் கீறலுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுவான். ஊர்க்காரர்கள் அவனை வெறுப்பதும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அளவுநாடாவோடு வந்து பிள்ளைகளின் கையைச் சுற்றி அளப்பான், சுற்றளவு தேறிய பிள்ளைக்கு எண் போடுவான். மாமா இதைச் சொல்லி முடித்தபோது சிஸ்டர் தன் மேல்கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அதுதான் பதிவேட்டின் முதல் எண்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாயிற்று. புத்தகத்து அரக்கன் ஒருவனை எடுத்துக்கொண்டு, அவரவர் வேலையில் கண்டதை வைத்து அவனைப் புதிதாகச் செய்யவேண்டும். மண்ணால் செய்த அடிமைப் பூதத்தை நான் எங்கள் கடற்கரை மணலால் செய்தேன். வாளால் வெட்டினால் வெட்டு மூடிக்கொள்ளும். அதை ஆலையில் செய்வதுபோல பிரித்துத்தான் தீர்க்க முடியும். காந்தம் காட்டினால் கறுப்பு மணல் ஓடிவந்துவிடும், மின்சாரத் தட்டில் விழுந்தால் இன்னொன்று தனியாகும், ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் ஒரு பிடி மஞ்சள் மணல் மிஞ்சும், கதிர்வீச்சு உள்ளது, அதைக் கையால் தொடக்கூடாது. வெட்ட வெட்ட வளரும் அரக்கனை சிஸ்டர் தினமும் கட்டு மாற்ற வரும் நோயாளி ஆக்கினார். அவன் யாரையும் அடிப்பதில்லை, வரிசையில் முதலில் நின்றுகொள்வான், அவ்வளவுதான். எங்கள் மூவரையும் அதிகம் பயமுறுத்தியவன் அவன்தான். ஊர்த் தெய்வங்களான இசக்கியையும் மாடனையும் சேர்த்தால் என்ன என்று மாமா ஒருநாள் கேட்டார். மூன்று பேரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் இசக்கிக்கு உயிர் இத்தனை என்று எண் போட ஒருவருக்கும் கை வரவில்லை. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு பேச்சை மாற்றினார்.

ஃபிட்டர் அண்ணன் வந்தது ஒரு பகடையால். இருபது முகப் பகடை மேசையிலிருந்து உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. அது இல்லாமல் ஆட்டம் நடக்காது, இந்த ஊரில் வாங்கவும் கிடைக்காது. ஆலைப் பட்டறையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் நைலான் தண்டு ஒன்றை அறுத்து, ஒன்பது நாள் அரத்தால் இராவி, இருபது முகமும் எண்ணும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பதினேழு கொஞ்சம் அதிகமாக விழும். அதை நான் கண்டுபிடித்துச் சொன்னதும், “அப்படியானா கொள்ளாம், எனக்கு ஒரு வேசம் தாருங்க, நான் பதினேழா உருட்டுகேன்” என்று உட்கார்ந்தவர்தான். பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான உருவம், பெரிய முன்கைகள். அப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்து, பிறகு ஆலையில் வேலை கிடைத்துக் கரையேறியவர். ஆட்டத்துக்கு நான் வரைபடம் வரைந்தால் முதல் வேலையாகத் தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வார். எங்களுக்குக் கடல் என்பது தாளின் ஓரத்தில் வரும் ஒரு நீலக் கோடு. அவருக்கு நாங்கள் வாழும் இடம்தான் ஓரம். எதைப் பற்றிக் கேட்டாலும், “கடல்லேருந்து பாத்தா” என்றுதான் தொடங்குவார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் இடுப்பளவு மதில். இருவரும் பேசி ஒரு வருடம் ஆகிறது என்று சிஸ்டர்தான் முதலில் சொன்னார். சிஸ்டரும் அதே ஊர். காரணம் ஊருக்கே தெரியும் என்பதால் எனக்கும் தெரிந்தது. கடலில் வழிகாட்ட அவர்களுக்குக் கணியம் என்று ஒன்று உண்டு. தொலைவில் தெரியும் மலை ஒன்றையும் கரையில் நிற்கும் கோபுரம் ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு வள்ளத்தை ஓட்டுவது. அந்த ஊர்க்கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் ஒரு பார் கிடக்கிறது, பாறைத் திட்டு. அதை ஒதுக்கிக் கரை சேர அவர்களுடைய அப்பா வைத்திருந்த கணியம் இது: கூனன் மலையின் கழுத்துக்கு நேர்கீழே வேதக்கோயில் கோபுரம் வரவேண்டும். வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வரலாம். சுனாமிக்குப் பிறகு, விரிசல் விட்ட பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். புதுக் கோபுரம் பழையது நின்ற இடத்திலிருந்து முப்பது அடி கிழக்கே எழும்பியது. கடலுக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்தில் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அல்லவா?

மஸ்கட்டில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த தம்பிக்குத் தெரியவில்லை. சொந்த வள்ளம் இறக்கியவர், அப்பா உயிரோடு இல்லாததால் அண்ணனிடம் கணியம் கேட்டார். அண்ணன் அப்பா சொன்னதை அப்படியே சொன்னார். மூன்றாம் நாள் மங்கலான காலையில், மலையின் கழுத்துக்கு நேரே கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி உள்ளே வந்தார். கோபுரம் கிழக்கே போன முப்பது அடிக்கு வள்ளமும் கிழக்கே விலகியது, அங்கேதான் பார் இருந்தது. வள்ளம் பிளந்தது. கூடப் போன இருவர் நீந்திவிட்டார்கள். தம்பியின் கால், வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியது. அன்றிலிருந்து வலது முழங்கால் மடங்காது. பஸ் நிறுத்தத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்து உட்கார்ந்தார். இதில் ஊர் வாயடைத்துப் போன விஷயம் ஒன்று உண்டு. புதுக் கோபுரத்தின் உச்சியில் இரும்புக் குருசைத் தூக்கிப் பொருத்தியது ஃபிட்டர் அண்ணன்தான். கோபுரம் எங்கே நிற்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஆனால் கணியம் சொன்னபோது அவர் சொன்னது அப்பாவின் வாயால், பார்த்தது அப்பாவின் கண்ணால். ஆஸ்பத்திரியில் தம்பி கண்விழித்தபோது அவர் சொன்ன ஒரே காரணம், மலை மங்கலில் சரியாகத் தெரிந்திருக்காது என்பது. அதையே பிறகு எல்லாரிடமும் சொன்னார். “அவன் எனக்க முகத்தப் பாத்து, தப்பு எனக்கதுண்ணு ஒரு வார்த்த சொல்லட்டு, அதுக்குப் பொறவு பேசுகேன்” என்று தம்பி சிஸ்டரிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். அண்ணன் தம்பி இருவரின் மனைவிகளும் மதிலுக்கு மேல் குழம்புக் கிண்ணம் கைமாற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

மூன்று வருடம் அவர் எங்களோடு ஆடினார், ஒருமுறைகூட அரக்கன் செய்யவில்லை. எனக்குக் கற்பனை வராது மேடம் என்பார். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தில் மலை ராட்சதன் படத்தைக் காட்டி, இவனை நான் எடுத்துக்கிடட்டா என்று கேட்டார். புத்தகத்தில் அவன் பாறாங்கல்லைத் தூக்கி எறியும் ஒரு தடியன். ஃபிட்டர் அண்ணனின் ராட்சதன் எதையும் எறியமாட்டான். அவன் கரையிலிருந்து வெகுதூரத்தில், கூன் போட்டு உட்கார்ந்திருப்பான். மரம் முளைத்து, மேகம் தங்கி, எல்லாரும் அவனை மலை என்றே நினைத்திருப்பார்கள். வள்ளங்கள் அவனைப் பார்த்துத்தான் கரை சேரும். நூறு வருடம் அசையமாட்டான். நம்பிக்கை முற்றிய பிறகு ஒரு காலையில், ஒரே ஒரு காலையில், உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்காருவான். “கைய நீட்டி ஒரு விரலப் பிடிச்சா எவ்வளவு அகலம், அவ்வளவுதான். கரையில நிக்கியவனுக்கு ஒண்ணும் தெரியாது. கடல்லேருந்து வாறவனுக்கு அது போதும்.” சொல்லிவிட்டு அவர் கையை நீட்டி ஒரு விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, மன்றத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் குறிபார்த்தார். மாமா, “அய்யோ, கொள்ளாமே” என்று மெச்சினார்.  பதிவேட்டில் இருந்த ஆறு அரக்கரும் இவனுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள்.

எண் போடும் இடத்தில் தகராறு வந்தது. உயிர் எத்தனை என்று கேட்டேன். அதற்கு உயிர்க் கணக்கே கிடையாது என்றார். “இதக் கொல்ல ஒக்காது மேடம். இத யாரும் ஒண்ணும் செய்ய ஒக்காது. வந்தா வந்ததுதான்.” தோற்கடிக்க வழியில்லாத அரக்கனை வைத்து ஆட முடியாது, அது விதி என்றேன் நான். விதி என்ன விதி, கடலுக்கு விதி உண்டா என்று அவர் குரலை உயர்த்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். சிஸ்டர் குனிந்தபடி பகடைகளை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. மனிதர் அரக்கன் செய்யவில்லை, சாட்சி ஜோடித்துக்கொண்டிருந்தார். முப்பது அடி நகர்ந்தது கோயில், அவர் அந்தப் பழியைத் தூக்கி மலையின் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அவ்வளவு நல்ல அரக்கனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வீட்டுக்குப் போய் வரிசை எண் ஏழு என்று போட்டு, அழகான கையெழுத்தில், மலையின் முதுகு வளைவைப் பென்சிலால் வரைந்து, ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். இதை எழுதும்போதும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

மாமாவுக்கு இந்தக் குடும்பக் கதை எதுவும் தெரியாது. மலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், கடற்கரைப் பேச்சு அவர் காதுக்கு எட்டாது. அன்று திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் போனுக்கு ரீசார்ஜ் செய்ய நின்றார். மனம் நிறைந்த மனிதர், கடைக்காரரிடம் புதிய அரக்கனைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். நகரும் மலை, மோசம் போகும் வள்ளம், இதை உண்டாக்கிய எங்கள் ஃபிட்டரின் மூளை, எல்லாம். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த ஆட்டத்தில் புதிதாக ஒருவர் சேரலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக வாருங்க என்று மாமா அழைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்துப் படியில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி உள்ளே வந்தார். மாமாவின் முகத்தில் விருந்தாளியை அழைத்துவந்த பெருமை.

ஃபிட்டர் அண்ணன் எழுந்து நின்றார். பிறகு எழுந்தது எதற்கு என்று தெரியாதவர்போல உட்கார்ந்துகொண்டார். தம்பி மேசைக்கு எதிர்ப்பக்கம், மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு வேசம் தாருங்க மேடம். அந்த வள்ளத்தில நானும் ஏறுகேன்.” கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவரை வெளியே அனுப்பும் தைரியம் எனக்கு இல்லை, ஆட்டத்தை நிறுத்தும் தைரியமும் இல்லை. மூன்று பேரையும் வள்ளத்தில் ஏற்றி, காலை மங்கலில், ஏழாம் எண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினேன். மலை விரல் அகலம் நகர்ந்தது. மாமா சுக்கான் பிடிப்பதாகச் சொல்லி உருட்டினார், மூன்று விழுந்தது. சிஸ்டர் ஜெபம் செய்வதாகச் சொன்னார், அதற்கும் பகடை உதவவில்லை. பாரின் மேல் அலை உடையும் சத்தம் கேட்கிறது என்றேன்.  தம்பியின் முறை வந்தது. அவர் பகடையை எடுக்கவில்லை.

“நான் மலையப் பாக்கல்ல மேடம். கோயிலப் பாக்கேன். கோயிலு எங்க நிக்கு?”

நான் எழுதிய பக்கத்தில் கோயிலே கிடையாது. ஃபிட்டர் அண்ணன் தன் ராட்சதன் கதையில் அதை வைக்கவே இல்லை. எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. அரக்கனைச் செய்தவர், ஆடுபவர் கண்ணுக்குத் தெரியும் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லவேண்டும், மறைக்கக்கூடாது. நான் ஃபிட்டர் அண்ணனைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார், அவர் பார்வையில் வெறும் ஆட்டத்து ஆவல்தான் இருந்தது.

“பழைய எடத்திலயா, புது எடத்திலயா?” என்றார் தம்பி. அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், அண்ணனைப் பார்க்கவில்லை.

 வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. ஃபிட்டர் அண்ணன் இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது எடத்தில” என்றார். பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். “பழசிலேருந்து முப்பது அடி கெழக்க. குருசத் தூக்கி வச்சவன் நான், எனக்குத் தெரியாதா? மல நவுரல்ல, மக்கா. மங்கலும் இல்ல. நான் அப்பா சொன்னத அப்படியே உனக்குச் சொன்னேன், கோயிலு மாறினத நெனைக்கல்ல. தப்பு எனக்க தப்பு.”

தம்பி நீட்டியிருந்த முழங்காலைக் கையால் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “இத நாலு வருசத்துக்கு முன்ன வீட்டில வச்சுச் சொல்லியிருந்தா, இந்தப் பெரிய மனுசங்களுக்க ஞாயித்துக்கிழமையக் கெடுத்திருக்க வேண்டாமே” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்ப வள்ளத்த ஒரு விரலு மேக்க ஓட்டுகேன் மேடம்” என்றார். விதிப்படி அவர் பகடை உருட்டியிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. வள்ளம் கரை சேர்ந்தது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். ஃபிட்டர் அண்ணன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, ஏழாம் எண் தாளைத் தையலோடு சேர்த்துக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சிஸ்டர் மூக்கைச் சிந்தினார். மாமா மட்டும், “அப்ப அந்த ராட்சசன் என்ன ஆனான்?” என்று கேட்டார். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பட்டறையில் பார்த்தால், அடுத்த வாரம் கண்டிப்பா வாறேன் மேடம் என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணனும் தம்பியும் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி வருமுன் கோபம்தான் வந்தது. மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் வந்த மனிதர், அரக்கன் தேவைப்பட்ட நாள்வரை வந்துவிட்டு, தேவை தீர்ந்ததும் எழுந்து போய்விட்டார் என்று நினைத்தேன். எங்கள் பதிவேட்டிலேயே சிறந்ததைக் கிழித்து எடுத்துக்கொண்டும் போய்விட்டார். இப்போது ஆலைக் குடியிருப்பில் என்னோடு ஆடுபவர்கள் மூன்று இளம் பொறியாளர்கள். வெளிநாட்டிலிருந்து பகடை வரவழைக்கிறார்கள், செல்போனில் விதி பார்க்கிறார்கள். மாமாவின் காட்டேரியைக் கேட்டுக் கையைப் பொத்திக்கொள்கிறார்கள். ஏழாம் எண் எங்கே என்று கேட்டால், அது சரியாக வரவில்லை, நீக்கிவிட்டோம் என்று சொல்கிறேன். அது பொய்யும் இல்லை. எங்கள் மற்ற அரக்கர் எல்லாரும் அவரவர் வேலையில் கண்ட ஏதோ ஓர் உண்மையிலிருந்து வந்தவர்கள். அவன் ஒருவன்தான் உண்மைக்கு முன்னால் நிற்கவைத்த மறைப்புத் தட்டி.

அந்த வருடம், தாள் கிழிந்து ஒரு மாதம் கழித்து, அந்தக் கோபத்தோடு நேரே ஃபிட்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வருகிறீர்களா இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு. ஞாயிறு மதியம் மூன்று மணி, எங்கள் ஆட்ட நேரம். வளாகத்துக் கதவுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே சண்டை கேட்டது. எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு வள்ளத்து எஞ்சின் அக்கக்காகக் கழற்றிக் கிடந்தது. அண்ணன் தரையில் குந்தியிருந்தார். தம்பி மதில்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கோளாறு எங்கே என்பதில் தகராறு. பட்டறையில் இருபது வருசம் இருந்தவன் நான் சொல்லுகேன், நான் சொல்லுறதக் கேளு என்று அண்ணன் ஸ்பேனரால் தரையில் தட்டினார்.

“ஏன், உனக்க பேச்சக் கேட்டு ஒருவாட்டி போனது போதாதா?” என்றார் தம்பி.

நான் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டேன். ஃபிட்டர் அண்ணன் தட்டுவதை நிறுத்தினார். ஸ்பேனரைக் கொஞ்சநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதைத் தம்பியின் பக்கம் நீட்டினார்.

“போதும்லே. இனி நீ சொல்லு, நான் கேக்கேன்.”

நான் கதவைத் தட்டவில்லை. சத்தம் போடாமல் திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.